ரிங்கின் அளவு உங்களுக்குச் சரியாக இருக்கிறதா?



மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் தேர் பார்க்கப் போனால் வளையல் கடைக்குப் போகாமல் யாரும் திரும்புவதில்லை. கடைக்காரர் கையைப் பிடித்துப் பார்த்ததுமே அளவைச் சொல்லிவிடுவார். சின்னதாக இருந்தால் கையில் ஏறாது, வம்பாக ஏற்றினால் தோல் உரியும். பெரிதாக இருந்தால் கொழுந்து எடுக்கும்போது கழன்று மலையில் விழும். இம்முறை நான் எழுத வந்ததும் ஒரு வளையத்தைப் பற்றித்தான். ஆனால் இது கையில் போடுவதல்ல. கர்ப்பப்பை இறங்கிய தாய்மாருக்கு ஆஸ்பத்திரியில் உள்ளே வைக்கிற வளையம். எல்லோரும் "ரிங்" என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

வெட்கமான விஷயம் என்று இதை இத்தனை நாள் எழுதாமல் விட்டது என் தவறு. எழுத வைத்தது ஒரு பெரியம்மா. பிள்ளைக்காம்பராவுக்கு வந்தவர் எல்லோரும் போகும்வரை ஓரமாக நின்றார். பிறகு மெதுவாக, "மிஸ், மாதவிடா நின்னு எத்தனையோ வருசமாச்சு, இப்ப ரெத்தம் படுது. புத்துநோயா இருக்குமோன்னு பயமா இருக்கு" என்றார். விசாரித்துப் பார்த்தால், நாலு வருசத்துக்கு முந்தி ஒரு ஆஸ்பத்திரியில் ரிங் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒருநாள்கூட காட்டப் போகவில்லை. "திரும்ப வரச் சொல்லலையா?" என்று கேட்டேன். "சொல்லியிருப்பாங்க மிஸ். சிங்களத்துல சொன்னாங்க, எனக்கு வெளங்கல. நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன்" என்றார்.

டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். ரிங் அவருக்குக் கொஞ்சம் பெரிசு. நாலு வருசமாக ஒரே இடத்தில் உராய்ந்து உராய்ந்து புண்ணாகியிருந்தது. ரிங்கைக் கழற்றி, பூசுவதற்குக் கிறீம் கொடுத்து, புண் ஆறிய பிறகு ஒரு அளவு சின்னதாகப் போட்டார்கள். புற்றுநோய் இல்லை என்றும் சோதித்துச் சொன்னார்கள். பெரியம்மா இப்போது பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்.

அடி தள்ளுது, கர்ப்பப்பை எறங்கிருச்சு என்று நம் ஆட்கள் சொல்வது என்ன? கர்ப்பப்பை, மூத்திரப்பை, மலக்குடல் இவற்றையெல்லாம் இடுப்புக்கு அடியில் ஒரு தொட்டில் மாதிரி தசைகள் தாங்கி நிற்கின்றன. பிள்ளைப்பேறுகளாலும், வயது ஏறி மாதவிடாய் நின்ற பிறகும் அந்தத் தசைகள் தளரும். நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், பாரம் தூக்குவது எல்லாம் அதை இன்னும் கீழே தள்ளும். கொழுந்துப் பாரத்தைச் சுமந்துகொண்டு சரிவில் இறங்கி ஏறுகிற நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. காலையில் ஒன்றும் தெரியாது. பின்னேரம் நிறுவைக்கு வரும்போது கீழே பந்து மாதிரி ஏதோ தட்டுப்படும், இடுப்பு கடுக்கும், மூத்திரம் அடிக்கடி முட்டும், இருமினால் கசியும். இது யார் செய்த பாவமும் இல்லை, யாருக்கும் தொற்றுகிற நோயும் இல்லை.

ரிங் என்பது புதுச் சாமானும் அல்ல. பழைய கிரேக்க வைத்தியர்கள் பாதி மாதுளம்பழத்தை உள்ளே வைத்துத் தாங்கச் செய்தார்களாம்! 1844ஆம் ஆண்டு அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் றப்பரை கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தும் முறைக்குப் பதிவு பெற்றார். அந்தப் பதப்படுத்திய றப்பரில்தான் பின்னர் நல்ல வளையங்கள் வந்தன. றப்பர் பால் வெட்டுகிறவர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்பதால் இதைச் சொன்னேன். இப்போது வருவது பெரும்பாலும் கெட்டிப் பிளாஸ்டிக் ரிங், அல்லது மடித்து வைக்கக்கூடிய மெதுவான சிலிக்கன் ரிங்.

இனி அளவுக்கு வருவோம். ரிங் ஏறத்தாழ 50 மில்லிமீற்றரில் தொடங்கி 100 மில்லிமீற்றருக்கு மேலும் பல அளவுகளில் வருகிறது. ஒல்லியானவருக்குச் சின்னது, பருத்தவருக்குப் பெரியது என்று கணக்கில்லை. ஐந்து பிள்ளை பெற்றவருக்குப் பெரிசுதான் வேண்டும் என்பதும் இல்லை. வெளியே பார்த்துச் சொல்லவே முடியாது. மூத்திரம் போய்விட்டு வரச் சொல்லி, டொக்டர் கையுறை போட்டு, விரலால் உள்ளே அளந்து பார்த்துத்தான் எந்த அளவு என்று தீர்மானிப்பார். ரிங் உள்ளே இருக்கும்போது அதற்கும் சுற்றியுள்ள தசைக்கும் நடுவே ஒரு விரல் போய்வர இடம் இருக்கவேண்டும். விரல் போகாவிட்டால் இறுக்கம்.

அதற்குப் பிறகுதான் உங்கள் வேலை. போட்டவுடன் எழுந்து வீட்டுக்கு ஓடி வராதீர்கள். ஆஸ்பத்திரி விறாந்தையில் கொஞ்சம் நடங்கள். குந்தி எழும்புங்கள், நன்றாக இருமுங்கள், கக்கூசுக்குப் போய் மூத்திரம் பெய்து பாருங்கள். இத்தனையும் செய்து ரிங் இறங்கி வந்தால் அது உங்களுக்குச் சின்னது. வலித்தாலோ, அழுத்தினாலோ, மூத்திரம் வராமல் நின்றாலோ பெரிசு. சரியான அளவு என்றால், உள்ளே ரிங் இருக்கிறது என்ற நினைப்பே உங்களுக்கு வராது. முதலாவது அளவு சரிவராமல் இரண்டாவது மூன்றாவது மாற்றிப் போடுவது சாதாரணம். டொக்டருக்குத் தெரியவில்லை என்றோ, உங்கள் உடம்பு கெட்டுவிட்டது என்றோ அதற்கு அர்த்தமில்லை.

நம் ஆட்களிடம் ஒரு குணம். பெரட்டிலே தொரை சொன்னாலும், ஆஸ்பத்திரியிலே நர்ஸ் சொன்னாலும் "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். இந்த விஷயத்தில் அப்படிச் சொல்லாதீர்கள். வலிக்கிறது என்றால் "ரிதெனவா" என்று சொல்லுங்கள். திரும்ப எப்போது வரவேண்டும் என்று கேட்க "ஆயெ என்ன ஓனெ கவதாத?" என்று கேளுங்கள். இரண்டையும் வீட்டில் பிள்ளைகளிடம் சொல்லிப் பழகிக்கொள்ளலாம், அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நாளைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரும்படியும் கேளுங்கள். எழுதியதை நான் வாசித்துச் சொல்வேன்.

முதல் தடவை சில கிழமைகளிலும், அதற்குப் பிறகு டொக்டர் சொல்கிறபடி மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் காட்டவேண்டும். ரிங்கைக் கழற்றி, உள்ளே புண் இருக்கிறதா என்று பார்த்து, கழுவியோ புதிதாகவோ போடுவார்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு உள்தோல் மெலிந்து போவதால் சிலருக்கு ஹோமோன் கிறீம் கொடுப்பதுண்டு. உடம்பு மெலிந்தாலும் பருத்தாலும் பழைய அளவு சரிவராமல் போகலாம். வருசக்கணக்கில் மறந்துவிட்டால் ரிங் தசைக்குள் புதைந்துவிடும். மூத்திரப்பைக்கோ மலக்குடலுக்கோ ஓட்டை விழுந்த தாய்மாரும் உலகத்தில் இருக்கிறார்கள்.

இரத்தம் பட்டாலோ, கெட்ட வாடையுடன் வெள்ளை போனாலோ, மூத்திரமோ மலமோ போகக் கஷ்டமாக இருந்தாலோ கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மூத்திரம் அடியோடு நின்றுவிட்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டால், ரிங்தான் காரணம் என்று நாமே முடிவு கட்டக்கூடாது. புற்றுநோய் இல்லை என்று டொக்டர்தான் சொல்லவேண்டும்.

பக்கத்து லயத்து அக்காவின் ரிங்கை வாங்கிப் போட்டுப் பார்ப்பது, துணியைச் சுருட்டி வைப்பது, பந்து வைப்பது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பிள்ளை தரிக்காமல் இருக்கப் போடுகிற லூப் வேறு, இந்த ரிங் வேறு. ரிங் போட்டிருந்தாலும் பிள்ளை தரிக்கும்.

கேட்க வெட்கப்படுகிற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ரிங் போட்டிருக்கும்போது புருஷன் பெண்சாதி சேர்ந்திருக்கலாமா? சாதாரண வளைய ரிங் சரியான அளவில் இருந்தால் பெரும்பாலும் சேர்ந்திருக்கலாம். ஒருவருக்கு வலித்தாலும், தட்டுப்பட்டாலும் டொக்டரிடம் சொல்லலாம். சிலருக்குத் தாங்களே கழற்றிக் கழுவிப் போடப் பழக்கிக் கொடுப்பார்கள். இதைப் படிக்கும் அண்ணன்மாரே, வீட்டுக்காரி "இன்னைக்கு வேணாம்" என்றால் அவர் வலியில் இருக்கலாம். தண்ணிக் குடத்தையும் விறகுக் கட்டையும் நீங்கள் தூக்கினால் அவருக்கு அது மருந்து மாதிரி.

எல்லோருக்கும் ரிங் தேவைப்படாது. இறக்கம் கொஞ்சமாக இருந்தால் தசைப் பயிற்சி உதவும். மூத்திரத்தை அடக்குவது போல உள்ளே இழுத்துப் பிடித்து, மெதுவாகப் பத்து எண்ணி விடவேண்டும். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று தடவை, மூன்று நாலு மாதம் விடாமல் செய்யவேண்டும். லயத்து வாசலில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது. மிகவும் இறங்கியவர்களுக்கு ஒப்பரேசன் இருக்கிறது.

எங்கே போவது? 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக் 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கானது. பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பை வாய் எல்லாம் இலவசமாகச் சோதிப்பார்கள். அங்கே உங்கள் குறையைச் சொன்னால் மாத்தளைப் பெரியாஸ்பத்திரிக்கோ தம்புள்ளை ஆஸ்பத்திரிக்கோ கடிதம் தருவார்கள். தோட்டத்து மிட்வைப்பிடம் சொன்னாலும் போதும். தனியாகப் போகப் பயமாக இருந்தால் முதல் நாள் என்னிடம் சொல்லுங்கள், கூட வருகிறேன். ஏற்கனவே ரிங் போட்டிருப்பவர்கள், போட்ட தேதி ஞாபகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இந்த மாதமே கொப்பியை எடுத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு வாங்க.