எழுத்துக்கு உருவம் கொடுப்போர்

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே, தேயிலை மலைகளின் நடுவே அமைந்திருக்கும் சிற்றூர் லுணுகலை. பேருந்தில் செல்லும் ஒருவர் அவ்வூரின் கடைவீதியைக் கடப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். அந்தச் சில நிமிடங்களுக்குள் அவருடைய கண்கள் எத்தனையோ எழுத்துகளைப் படித்துவிடுகின்றன. கடைகளின் பெயர்ப்பலகைகள், பாடசாலையின் நுழைவாயில், திருவிழா அறிவித்தல், மரண அறிவித்தல், தோட்டத்தின் பெயர் தாங்கிய கல், இவையெல்லாம் அவருக்குச் செய்தி சொல்லுகின்றன. ஆயினும், இவற்றை எழுதியவர் யார் என்று அவர் கேட்பதில்லை. எழுத்து செம்மையாக அமைந்திருந்தால், அதை ஆக்கியவரின் நினைவே படிப்பவருக்கு எழுவதில்லை. பிழை நேர்ந்துவிட்டால் மாத்திரமே, “யார் இதை எழுதினார்?” என்ற கேள்வி பிறக்கிறது.

அவ்வாறு மறைந்து நின்று தொழில் செய்பவரே வரைகலைஞர். முன்னாளில் அவர் தூரிகையும் வர்ணமும் கொண்டு பணியாற்றினார். இந்நாளில் கணினியும் அச்சுப்பொறியும் அவருக்குத் துணைசெய்கின்றன. கருவிகள் மாறினும் அவர் ஆற்றும் கடமை மாறவில்லை. சொல்ல வேண்டியதை, உரியவர் கண்ணுக்கு, உரிய நேரத்தில், ஐயமின்றிப் புலப்படச் செய்வதே அக்கடமை.

பெருநகரங்களிலே விளம்பரத்துக்கு ஒருவர், நூலின் அட்டைக்கு ஒருவர், பெயர்ப்பலகைக்கு ஒருவர் என்று இத்தொழில் பிரிந்து கிடக்கிறது. மலையகச் சிற்றூரில் அந்தப் பிரிவினைக்கு இடமில்லை. விடியற்காலையில் ஒரு மரண அறிவித்தலுடன் நாள் தொடங்கும். அது உடனே முடிய வேண்டிய வேலை. லயங்களிலும் பேருந்து நிலையத்திலும் சில மணி நேரத்துக்குள் அது ஒட்டப்பட வேண்டும். அடுத்துத் திருமண அழைப்பிதழ் வரும். பின்னர், ஆடித் திருவிழா அறிவித்தல், மாசி மாதத்துக் காமன் கூத்துக்கான துண்டுப்பிரசுரம், பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கான கொடிகள், தேயிலைப் பொதிக்கு ஒரு முகப்பு என்று வேலைகள் தொடரும். துக்கமும் மங்கலமும் ஒரே மேசையில் அடுத்தடுத்து அமர்வதால், கலைஞருக்கு நிதானம் மிகவும் இன்றியமையாததாகிறது. கண்ணீர் அஞ்சலிக்கு எடுத்த கரை ஓவியம் திருமண அழைப்பிதழில் நுழைந்துவிடலாகாது. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிக் கோப்பு வைத்துக்கொள்ளுவது இந்த ஆபத்தைத் தவிர்க்கும் எளிய வழியாகும்.

இத்தொழிலுக்கு மலையகத்திலே பழையதொரு வேர் உண்டு. தேயிலைத் தொழிற்சாலைகளிலிருந்து சரக்கு மரப்பெட்டிகளில் ஏற்றுமதியான காலத்தில், ஒவ்வொரு பெட்டியின்மீதும் தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், நிறை ஆகியவை பொறிக்கப்பட்டன. மெல்லிய தகட்டில் எழுத்துகளை வெட்டி, அத்தகட்டைப் பெட்டியின்மேல் வைத்து, மையைத் தூரிகையால் குத்துவார்கள். பி.ஓ.பி. என்னும் தரக் குறியில் வரும் ஆங்கில எழுத்துகள் மூன்றும் உள்ளே மூடிய வெளிகளைக் கொண்டவை. வெளிக்கோட்டை முழுவதும் வெட்டிவிட்டால் உள்வட்டம் கழன்று விழுந்துவிடும். ஆகவே, உள்வட்டத்தை வெளித்தகட்டுடன் இணைக்கும் சிறு பாலங்களை விட்டே வெட்ட வேண்டும். தமிழிலே ண, ன, ல போன்ற சுழியுள்ள எழுத்துகளுக்கும் இதுவே விதி. மரப்பெட்டி போய்த் தாட்சாக்கு வந்துவிட்டது. ஆயினும், சுவரிலோ துணியிலோ ஒரே சொல்லைப் பலமுறை எழுத வேண்டிய பாடசாலை மாணவருக்கு இந்த முறை இன்றும் மலிவானது, விரைவானது. பழைய ஊடுகதிர்ப் படத்தாள் ஒன்றும் கூரிய கத்தி ஒன்றும் இதற்குப் போதும்.

இனி, இத்தொழிலின் மிக முக்கியமான பொறுப்புக்கு வருவோம். 1956-ஆம் ஆண்டின் சட்டத்தினால் சிங்களம் மாத்திரமே இலங்கையின் அரசகரும மொழியாக்கப்பட்டது. 1987-ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்று கூறியது. 1999-இல் பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. எனவே, அலுவலகப் பலகைகளில் தமிழ் இடம்பெறுவது சலுகையன்று, உரிமை. ஆனால், பலகையிலே தமிழ் இருப்பது ஒன்று. தமிழாக இருப்பது மற்றொன்று. நாட்டின் பல பாகங்களிலும் பொதுப் பலகைகளில் தமிழ் பிழைபட்டு நிற்பதைப் பத்திரிகைகள் அடிக்கடி எடுத்துக்காட்டி வந்துள்ளன.

ஒரு சுழியோ ஒரு புள்ளியோ தவறினால் என்ன கெட்டுவிடும் என்று சிலர் கேட்கக்கூடும். ‘வெளியேறும் வழி’ என்பது ‘வெளியேறும் வலி’ என்று ஆகிவிட்டால் படிப்பவர் நகைத்துவிட்டுச் செல்லலாம். மருந்துப் போத்தலின் மேலே ‘அரைக் கரண்டி’ என்று இருக்க வேண்டியது ‘அறைக் கரண்டி’ என்று அச்சானால் நோயாளி திகைப்பார். கொழுந்து மலைக்கு அடிக்கும் கிருமிநாசினியின் எச்சரிக்கை தெளிவாக இல்லையானால், அங்கே நகைப்புக்கு இடமில்லை.

பதுளை மாவட்டத்து மக்களுக்கு இதனை விளக்கவே வேண்டியதில்லை. 2014-ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 29-ஆந் திகதி காலை, கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் புதைந்தன. அந்தத் துயரத்துக்குக் காரணங்கள் பல. அவற்றை ஆராய்வது இங்கு நோக்கமன்று. ஆயினும், மண்சரிவு அபாயமுள்ள மலைகளிலே வாழும் மக்களுக்கு எச்சரிக்கை என்பது அவர்கள் மொழியில், அவர்கள் படிக்கத்தக்க அளவில், ஒரு பார்வையிலே விளங்குவதாக இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை இராது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படிகளாக வெளியிடுகிறது. முதலாவது விழிப்புடன் இருக்கச் சொல்லுகிறது. இரண்டாவது வெளியேற ஆயத்தமாகச் சொல்லுகிறது. மூன்றாவது வெளியேறச் சொல்லுகிறது. நிறம் கண்ணை அழைக்கும். ஆனால், செய்ய வேண்டியது யாது என்று சொல்லுவது எழுத்துத்தான். அந்த எழுத்து பிழைபடலாகாது.

பிழைகள் எவ்வாறு தோன்றுகின்றன என்பதை அறிந்தால் அவற்றைத் தடுப்பது எளிது. முதலாவது காரணம், தமிழ் அறியாத ஒருவர் எழுத்தைப் படமாகக் கருதி நகல் செய்வது. அவருக்கு ‘ண’வின் மூன்று சுழிக்கும் ‘ன’வின் இரண்டு சுழிக்கும் வேற்றுமை தோன்றுவதில்லை. நெடிலைக் காட்டும் காலும் ‘ர’வும் ஒன்றாகவே தோன்றுகின்றன. இரண்டாவது காரணம் கணினி. இலங்கையில் நெடுங்காலமாக வழங்கிவரும் பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து அமைந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழ் மறைந்து ஆங்கிலக் குறிகளே எஞ்சும். மெய்யெழுத்தின் புள்ளியும் அதில் தனிக் குறியாகவே நிற்பதனால், திருத்தும்போது புள்ளி மாத்திரம் விடுபட்டுவிடுவதும் உண்டு. யூனிகோட் முறை இக்குறையை நீக்கியது. ஆனால், தமிழை இணைக்கத் தெரியாத பழைய வடிவமைப்பு மென்பொருள்களில், எழுத்துக்கு முன்னே நிற்க வேண்டிய கொம்பு பின்னே சென்று நின்றுவிடும்.

இவற்றுக்கு அனுபவமுள்ள கலைஞர்கள் கையாளும் பரிகாரங்கள் சில உண்டு. வேலை முடிந்து ஒப்புதல் கிடைத்த பின், எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றியே அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். அப்பொழுது எந்தக் கணினியிலும் வடிவம் மாறாது. ஆனால், மாற்றுவதற்கு முன்னுள்ள மூலப் பிரதியைப் பத்திரப்படுத்த வேண்டும். இல்லையேல், பின்னர் ஓர் எழுத்தைத் திருத்துவதற்கும் முழுவதையும் மறுபடி அமைக்க நேரிடும். பிழைதிருத்தும் பணியை எழுதியவர் தனியே செய்யலாகாது. தாம் எழுதியதில் தாம் எண்ணியதையே அவருடைய கண் காணும். வேறொருவர் உரக்கப் படிக்க, எழுதியவர் மூலத்தைப் பார்த்து ஒப்பிடுவதே சிறந்த முறை. ஆளில்லாதபோது, கடைசிச் சொல்லிலிருந்து முதற்சொல்லை நோக்கிப் பின்னோக்கிப் படித்தால், பொருளின் ஓட்டத்தில் மறைந்து கிடந்த பிழைகள் புலப்படும். பெயர், திகதி, தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் தனியாக ஒருமுறை பார்க்க வேண்டும்.

பலகை எழுதும் முறையை விளக்க ‘லுணுகலை’ என்னும் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். சிங்களத்தில் ‘லுணு’ என்பது உப்பையும், ‘கல’ என்பது கல்லையும் குறிக்கும். தமிழில் அப்பெயர் நான்கு எழுத்துகளால் ஆனது. அவற்றுள் லு, ணு ஆகிய இரண்டும் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கி, வளைந்து, வலப்புறம் மேலேறுபவை. ‘லை’யின் ஐகாரக் குறியோ முன்னே இடம் கேட்கிறது. ஆங்கிலப் பேரெழுத்துகளுக்கு அளந்த இடத்தில் இப்பெயரைத் திணித்தால், கீழிறங்கும் கால்கள் வெட்டுண்டு போகும். அல்லது எழுத்து முழுவதும் சிறுத்துவிடும். ஆகவே, மும்மொழிப் பலகையை அமைக்கும்போது தமிழ் வரிக்குக் கீழே போதிய வெளியை முதலிலேயே ஒதுக்க வேண்டும். சொல் நீண்டுவிட்டால் பக்கவாட்டில் நெருக்குவதற்குப் பதிலாக, பொருள் பிரியும் இடத்தில் இரண்டு வரியாக்குவதே நன்று. மூன்று மொழிகளின் எழுத்துகளும் கண்ணுக்கு ஒத்த பருமனுடன் தோன்ற வேண்டும். அளவுகோல் காட்டும் உயரம் ஒன்றாயிருத்தல் போதாது.

இந்தக் ‘கலை’யின் இறுதி எழுத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. முன்னாளில் லை, ளை, ணை, னை ஆகியவை மேலே துதிக்கைபோல் வளைந்த தனிக் குறியுடன் எழுதப்பட்டன. 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபின், இன்றைய வடிவம் படிப்படியாக எங்கும் பரவியது. ஆகவே, பழைய கோயில்களின் கல்வெட்டிலோ பலகையிலோ அந்த வடிவத்தைக் காணும் கலைஞர் அதைப் பிழை என்று அழித்துவிடலாகாது. புதுப்பிக்கும்போது பழைய வடிவத்தையே காப்பாற்றுவது முறை.

எழுத்தின் அளவுக்குப் பலகை எழுதுவோர் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கின்றனர். பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது அது. சாலையின் மறுபக்கத்தில் முப்பது அடி தூரத்திலிருந்து படிக்க வேண்டுமானால் மூன்று அங்குலம் தேவை. சுழிகள் நெருங்கிய தமிழுக்கு இன்னுஞ் சிறிது கூட்டிக்கொள்ளுதல் நலம். மலைமூட்டம் இறங்கும் ஊர்களில் மஞ்சளின்மேல் கறுப்பு, வெள்ளையின்மேல் கருநீலம் போன்ற வலிய வேற்றுமையுள்ள நிறங்களே பயன்தரும். பச்சையின்மேல் சிவப்பை எழுதுவது கூடாது. அவ்விரு நிறங்களையும் பிரித்தறிய இயலாத ஆடவர் ஒவ்வோர் ஊரிலும் இருப்பர்.

கையால் எழுதும் பலகைக்குப் பருவமும் பார்க்க வேண்டும். ஊவாவில் வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களில் எனாமல் வர்ணம் எளிதில் உலராது. ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைத் தரும் யூலை முதல் செப்ரெம்பர் வரையிலான வறண்ட காற்றுக்காலமே வெளிப்பலகைகளுக்கு ஏற்றது. சுண்ணத்தூள் தடவிய நூலை இழுத்துக் கட்டி ஒருமுறை தெறித்தால் நேர்கோடு கிடைக்கும். தாளில் வரைந்த எழுத்தின் ஓரங்களை ஊசியால் துளைத்து, பலகைமேல் வைத்துக் கரித்தூளை ஒற்றினால், அதே உருவம் புள்ளிகளாகப் பதியும். கை நடுங்காதிருக்க, நுனியில் துணி சுற்றிய கோல் ஒன்றை இடக்கையில் பிடித்து, அதன்மேல் வலக்கையைத் தாங்கி எழுதுவார்கள்.

அச்சுக்குச் செல்லும் வேலைக்கு வேறு கவனங்கள் உண்டு. படங்கள் அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி கொண்டிருக்க வேண்டும். தாளின் ஓரம்வரை நிறம் வருமாயின், வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீற்றர் நிறத்தை நீட்டிவிட வேண்டும்; இல்லையேல் வெட்டும்போது வெள்ளைக் கீற்று தோன்றும். திரையில் ஒளியாகத் தெரியும் பச்சை, தாளில் மையாக விழும்போது மங்கும். எனவே, ஒரு மாதிரிப் பிரதியை எடுத்துப் பார்த்தபின்னரே ஆயிரம் பிரதிகளுக்கு உத்தரவு கொடுக்க வேண்டும். தேயிலைப் பொதிக்கு முகப்பு அமைப்பவர், சிங்கச் சின்னத்தைத் தம் விருப்பப்படி எடுத்துப் பொறித்துவிட முடியாது. அது இலங்கைத் தேயிலைச் சபைக்குரியது. முற்றிலும் இலங்கைத் தேயிலையாக இருந்து, இந்நாட்டிலேயே பொதிசெய்யப்பட்ட சரக்குக்கே, அனுமதியுடன் அது வழங்கப்படும்.

கலைஞர் தம் பிழைப்பையும் காத்துக்கொள்ள வேண்டும். வேலையின் விபரத்தையும் கூலியையும் தாளில் எழுதி, ஒரு பகுதியை முற்பணமாகப் பெறுவது இரு தரப்பாருக்கும் நன்மை. அச்சுக்கு முன், இறுதிப் பிரதியில் வாடிக்கையாளரின் கையொப்பத்தை வாங்கிவிட்டால் பின்னர் சச்சரவுக்கு இடமிராது.

பிறருக்காகச் செய்யும் வேலையிடையே தமக்காகவும் நாள்தோறும் அரைமணி நேரம் வரைவது கையைத் துருப்பிடிக்காமல் காக்கும். 1924-இல் தஞ்சாவூரில் பிறந்து, ஆனந்த விகடன் வாயிலாகத் தமிழுலகு முழுவதும் அறிந்த ஓவியர் கோபுலு, பின்னாளில் விளம்பரத் துறையிலும் புகழ்பெற்றார். நோயினால் வலக்கை செயலிழந்தபோது, அவர் இடக்கையைப் பழக்கி மீண்டும் வரைந்தார். 2015-இல் மறையும் வரை, அவர் பெயர் சொன்னால் கோடு நினைவுக்கு வரும் என்ற நிலை இருந்தது.

லுணுகலைக் கலைஞர் ஒருவர் தொடங்கத்தக்க பணி ஒன்றும் உண்டு. சுற்றுவட்டாரத்துத் தோட்டங்கள், பிரிவுகள், பாடசாலைகள், கோயில்கள் ஆகியவற்றின் பெயர்கள் மூன்று மொழிகளிலும் எவ்வாறு எழுதப்பட வேண்டும் என்பதை ஒரு குறிப்பேட்டில் திரட்டலாம். அங்கேயே பிறந்து வளர்ந்த முதியோரிடமும் ஆசிரியர்களிடமும் கேட்டுச் சரிபார்த்து, அழிந்துவரும் பழைய பலகைகளைப் படமெடுத்து அதனுடன் சேர்க்கலாம். செலவு ஒரு குறிப்பேட்டின் விலை மாத்திரமே. நாளை எவரேனும் ஒரு பலகை எழுத முற்படும்போது, பெயரைத் தேடி அலையாமல் அதைத் திறந்து பார்க்கலாம். லயத்திலிருந்து பாடசாலைக்கு நடந்து செல்லும் சிறுபிள்ளை, தன் ஊரின் பெயரைப் பிழையின்றிப் படித்துப் பழகுவதற்கும் அது வழிசெய்யும்.