கோழி வைரஸின் வீரியத்தை முட்டையே சொல்லிவிடும்… தெரியுமா?

நேற்று மாலைவரை இரை பொறுக்கிய கோழி, இன்று கழுத்து முறுக்கி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறதா? வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம்! 240-க்கும் மேற்பட்ட பறவை இனங்களைத் தாக்கக்கூடிய வைரஸ் இது!

● முதலில் எங்கே தெரிந்தது, தெரியுமா? 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும்! ஓரிரு ஆண்டுகளில் இந்தியாவின் குமாவோன் மலையூரான ராணிக்கெட்டிலும்! நியூகாசில், ராணிக்கெட் என்ற இரண்டு ஊர்ப் பெயர்களும் நோய்க்கு நிலைத்துவிட்டன!

● வைரஸைக் கோழி ரத்தமே காட்டிக்கொடுக்கும், தெரியுமா? பிளாஸ்டிக் தட்டின் குட்டிக் குழிகளில் சந்தேகத் திரவத்தோடு சிவப்பணுக்களைச் சேர்ப்பார்கள். வைரஸ் இல்லையா? அணுக்கள் அடியில் இறங்கிக் குங்குமப் பொட்டாகக் குவியும். தட்டைச் சாய்த்தால் பொட்டு வழிந்தோடும்! வைரஸ் இருக்கிறதா? பொட்டே இல்லை, குழி முழுக்க மெல்லிய சிவப்புப் படலம்!

● பறவைக் காய்ச்சல் வைரஸும் இதே வேலையைச் செய்யும்! எப்படிப் பிரித்தறிவது? வெள்ளைக்கழிச்சலுக்கான எதிர்ப்புச் சீரத்தைச் சேர்க்கிறார்கள். படலம் மறைந்து பொட்டு திரும்பினால், ஆள் அகப்பட்டான்!

● வீரியத்தை அளக்கும் கடிகாரம் முட்டை! 9, 10 நாள் கரு வளர்ந்த முட்டைகளில் வைரஸைச் செலுத்துவார்கள். 60 மணி நேரத்துக்குள் கரு இறந்தால் கொடியது! 90 மணி வரை என்றால் நடுத்தரம்! அதற்கும் மேலே தாங்கினால் சாது!

● குஞ்சுகளுக்கு மதிப்பெண் போடுவார்கள், தெரியுமா? பொரித்து இரண்டு நாள்கூட ஆகாத 10 குஞ்சுகளுக்கு வைரஸைச் செலுத்தி, 8 நாள் கண்காணிப்பு! நலம் 0, நோய் 1, மரணம் 2. சராசரி 0.7-ஐத் தொட்டாலே வைரஸ் ஆபத்தானது!

● இந்த வைரஸின் மரபணு எழுத்துகள் சுமார் 15,000! அவற்றில் எத்தனை மாறினால் சாது கொடியதாகும்? ஆஸ்திரேலியாவில் 1998-ல் வெடித்த நோயில், புரதம் வெட்டுப்படும் முக்கிய இடத்தில் மாறியவை இரண்டே இரண்டு!

● கொடியது புகுந்தால்? 1971-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய நோயை ஒழிக்க, ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பறவைகள் அழிக்கப்பட்டன!

● தடுப்பூசி போடுபவர் கோழியின் வயதைக் கேட்பது ஏன், தெரியுமா? மருந்திலும் இருப்பது உயிருள்ள வைரஸ்தான்! ஒரு வாரக் குஞ்சுக்குச் சாது வகை, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நடுத்தர வீரியமுள்ள ஆர்2பி என்ற வகை, எட்டாவது வார வாக்கில்தான்! மாற்றிப் போட்டால் குஞ்சுக்கே ஆபத்து! தடுப்பூசி முகாமுக்குப் போகும்போது கோழியின் வயதைச் சரியாகச் சொல்லுங்கள்!