புது லேப்டாப் மக்கர் செய்கிறதா? கையில் பேப்பர் இருந்தால் பயமில்லை!

என் தங்கை கல்லூரியில் சேர்ந்தபோது அப்பா ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். நான் சென்னையில் சாஃப்ட்வேர் இன்ஜினியர், வீடு திண்டிவனத்தில். "நீ வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாதுப்பா, விழுப்புரத்துலயே வாங்கிடறேன்" என்று போனில் சொன்னார். விலை 42,000 ரூபாய். நான்காவது நாளே தொல்லை ஆரம்பித்தது. ஆன் செய்து இருபது நிமிடத்தில் லேப்டாப் தானாக அணைந்துவிடும்.

அப்பா மறுநாளே கடைக்குப் போனார். "விக்கிறதோட எங்க வேலை முடிஞ்சுது சார், சர்வீஸ் சென்டருக்குப் போங்க" என்றார்கள். பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருந்தது. அதைக் காட்டியதும் அப்பா பேசாமல் திரும்பிவிட்டார். சர்வீஸ் சென்டர் புதுச்சேரியில். இரண்டு முறை பஸ் ஏறிப் போனார். இரண்டு முறையும் "விண்டோஸ் பிராப்ளம்" என்று ஃபார்மட் செய்து அப்போதே கையில் கொடுத்துவிட்டார்கள். பழுது மட்டும் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு நான் போன் செய்தேன். வந்த பதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "உங்கள் சீரியல் நம்பரில் இதுவரை எந்தப் புகாரும் பதிவாகவில்லையே சார்!" கடைக்கு ஒரு முறை, சர்வீஸ் சென்டருக்கு இரண்டு முறை என அப்பா அலைந்ததற்கு எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2020 ஜூலை முதல் நடைமுறையில் இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை இந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் காலம் குறிப்பிட்டிருந்தால் அந்தக் காலம் வரை. குறிப்பிடாவிட்டால் 30 நாட்கள். பில் தராமல் இருப்பதும் முறையற்ற வணிகம்தான். எனவே பில்லின் அடியில் உள்ள அந்த ஒரு வரியைப் பார்த்துப் பயந்து திரும்ப வேண்டாம். பிரிட்டனில் 2015-ம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கிய பொருள் பழுதாக இருந்தால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறலாம்.

ஆனால் பழுது இருக்கிறது என்று காட்ட வேண்டியது நாம்தான். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மாருதி கார் தொடர்பான ஒரு வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரண்டியில் பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் உள்ளது, முழு காரையும் அல்ல என்று தீர்ப்பளித்தது. எனவே ஒரு முறை பழுதானதும் புது லேப்டாப் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். திரும்பத் திரும்ப ரிப்பேர் செய்தும் சரியாகவில்லை என்று காட்டினால்தான் நம் பக்கம் பலம் கூடும்.

விண்டோஸா, ஹார்ட்வேரா?

அந்த வாரம் ஊருக்குப் போனதும் எளிய சோதனை ஒன்று செய்தேன். லேப்டாப்பை ஆன் செய்தவுடன் எஃப்2 கீயை அழுத்தி பயாஸ் திரைக்குப் போனேன். (சில மாடல்களில் வேறு கீயாக இருக்கும்.) இந்தத் திரை வரும்போது விண்டோஸ் இயங்கவே இல்லை. அங்கேயும் இருபது நிமிடத்தில் அணைந்தது! அப்படியானால் குற்றவாளி விண்டோஸ் இல்லை. இதை மொபைலில் வீடியோ எடுத்தேன்.

அடுத்து, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ஈவண்ட் வியூவர் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் பிரிவில் சிஸ்டம் என்பதைப் பார்த்தேன். முறையாக ஷட்டவுன் ஆகாமல் அணைந்தால் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு தேதி, நேரத்துடன் இருக்கும். கடைசி ஃபார்மட்டுக்குப் பிறகு நடந்தவை வரிசையாக இருந்தன. அவற்றையும் படம் எடுத்துக்கொண்டேன். ஸ்க்ரூவை மட்டும் தொடவில்லை. நாமே கழற்றினால் வாரண்டி மறுக்கக் காரணம் கொடுத்தது போலாகும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. பில், வாரண்டி கார்டு, அட்டைப்பெட்டி மூன்றையும் பத்திரமாக வையுங்கள். பில்லில் உள்ள சீரியல் நம்பரும் லேப்டாப்பின் அடியில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள்.

2. பழுது தெரிந்த அன்றே கடைக்கும் கம்பெனிக்கும் இ-மெயில் அனுப்புங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது.

3. சர்வீஸுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் ஜாப் ஷீட் கேட்டு வாங்குங்கள். என்ன பழுது, என்று கொடுத்தீர்கள், என்ன செய்தார்கள் என்பது அதில் இருக்கட்டும்.

4. கொடுக்கும் முன் உங்கள் ஃபைல்களை பேக்கப் எடுங்கள். வாரண்டி லேப்டாப்புக்குத்தான், உங்கள் போட்டோக்களுக்கு இல்லை.

5. சரியாகாவிட்டால் கடை, கம்பெனி இரண்டுக்கும் 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள்.

6. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். உங்கள் புகாரை கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

கடைசி வழி

எதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்யலாம். லேப்டாப்பை எங்கு வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம். திண்டிவனத்துக்காரர்களுக்கு விழுப்புரம்தான். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை ஏற்பட்டதிலிருந்து 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி இணையதளம் மூலமும் தாக்கல் செய்யலாம். பழுதை நீக்கித் தரவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ ஆணையம் உத்தரவிடலாம். லேப் சோதனை தேவையில்லை என்றால் 3 மாதம், தேவையென்றால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் கூடுதலாக ஆவதும் உண்டு.

எங்கள் கதை அதுவரை போகவில்லை. வீடியோவைக் காட்டி, ஜாப் ஷீட் வாங்கிக்கொண்டு லேப்டாப்பைக் கொடுத்தோம். மதர்போர்டை மாற்றினார்கள். மறுபடியும் அணைந்தது. அதற்கும் ஒரு ஜாப் ஷீட். பிறகு பதிவுத் தபால் அனுப்பினேன். பன்னிரண்டாவது நாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது; அடுத்த வாரம் வேறு புது லேப்டாப் தந்தார்கள். முதலிலேயே சீட்டு கேட்டு வாங்கியிருந்தால், தங்கை முதல் செமஸ்டரில் பாதியை லேப்டாப் இல்லாமல் ஓட்டியிருக்க வேண்டாம்.

அப்பா இப்போது மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுத்தாலும் சீட்டு கேட்கிறார். நீங்களும் கேளுங்கள்!