மயக்கத்துக்கு முன் ஓர் ஊசி

கருத்தடைக்கோ பல் சுத்தம் செய்யவோ நாயைக் கூட்டிப் போகிறவர்கள், மயக்க ஊசி என்றால் ஒன்றுதான் என்று நினைக்கிறார்கள். முதலில் தசையில் போடுவது நாயைச் சாந்தப்படுத்தும் ஊசி. அது பிடித்த பிறகுதான் ரத்தக்குழாய் வழியாக முழு மயக்கம். “எங்க பையன் ரொம்ப சாது டாக்டர், முதல் ஊசி எதுக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. சாது நாய்க்கும் அது வேண்டும்.

முரண்டு பிடித்தால் என்ன ஆகும்?

பயந்த நாயின் உடம்பில் அட்ரினலின் ஏறிக்கொண்டே போகும். அந்த நிலையில் மயக்கம் கொடுத்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். படுக்கவைக்க மருந்தும் கூடுதலாகத் தேவைப்படும். ரத்தக்குழாயில் போடும் மயக்கமருந்தான புரோபஃபாலின் அளவு கூடக்கூட ரத்த அழுத்தம் இறங்கும், சிறிது நேரம் மூச்சே நின்றுவிடவும் கூடும். முன்கூட்டியே சாந்தப்படுத்திய நாய்க்குக் குறைந்த அளவு போதும். முதல் ஊசியோடு சேர்த்து, கத்தி வைக்கும் முன்பே வலிமருந்தும் உள்ளே போயிருந்தால், விழித்தபின் வலியும் குறைவு.

எல்லா நாய்க்கும் ஒரே மருந்து இல்லை

நம் ஊரில் பரவலாகப் புழங்குவது சைலசீன். சாந்தப்படுத்தும், ஓரளவு வலியும் தணிக்கும். ஆனால் இதயத்துடிப்பைக் குறைக்கும், வாந்தியும் வரவைக்கும். இதயநோய் உள்ள நாய்க்கு இது ஆகாது. அதே குடும்பத்தில் பிந்தி வந்த டெக்ஸ்மெடிடோமிடினுக்கு ஒரு வசதி, அடிபமிசோல் என்ற முறிமருந்தை ஊசியாகப் போட்டால் சில நிமிடங்களில் நாய் எழுந்துவிடும். இன்னொரு சாந்தப்படுத்தும் மருந்தான அசிபுரோமசினுக்கு அப்படி ஒரு முறிமருந்து கிடையாது. பல மணி நேரம் ரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி வைக்கும், வலியைத் தணிக்காது. பாக்ஸர் இனத்துக்கு மிகக் குறைந்த அளவிலேயே கொடுப்பார்கள், அல்லது தவிர்ப்பார்கள். வயதான, நலிந்த நாய்களுக்குப் பெரும்பாலும் பியூடோர்பனாலும் மிடசோலமும் சேர்த்துப் போடுவது வழக்கம்.

பக், புல்டாக் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தொண்டைத் தசை தளர்ந்ததுமே அவற்றின் மூச்சுப்பாதை அடைபடலாம். ஊசி போட்ட நொடியிலிருந்து யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.

அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம்

தலை தொங்கும், பின்னங்கால் தள்ளாடும், கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளைச் சவ்வு ஏறி வரும், எச்சில் ஒழுகும். பார்க்கச் சங்கடமாக இருக்கும், மருந்து பிடிப்பதன் அடையாளம்தான். அப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், போனில் வீட்டாரிடம் நிலவரம் சொல்வதும் வேண்டாம். சைலசீன் போட்ட நாய் தூங்குவதுபோலத்தான் கிடக்கும்; ஸ்டீல் தட்டு ஒன்று கீழே விழுந்தால் சட்டென எழுந்து, வளர்த்தவர் கையையே கடித்துவிடலாம்.

மறைக்காமல் சொல்லுங்கள்

நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த நாய்க்கு முந்தைய ஆறு முதல் எட்டு மணி நேரம் சாப்பாடு கூடாது என்பது பொதுவான கணக்கு. குட்டிக்கும் சர்க்கரை நோய் உள்ளதற்கும் இது பொருந்தாது. டாக்டரைக் கேட்க வேண்டும். ‘ஒரே ஒரு பிஸ்கட்தான்’ என்று பாட்டி கொடுத்திருந்தாலும் சொல்லிவிடுங்கள். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. வலிப்பு மாத்திரை, இதய மாத்திரை, போன முறை மயக்கத்தில் வந்த சிக்கல், எதையும் சொல்லாமல் விட வேண்டாம். வீட்டில் இருக்கும் மனிதர்களின் தூக்க மாத்திரையை நாய்க்குப் பாதி கிள்ளிக் கொடுக்கும் வேலையே கூடாது.

முடிந்ததும் அவசரப்படாதீர்கள்

பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை 98,036 நாய்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஆரோக்கியமான நாய்களில் மயக்கத்தால் இறந்தது சுமார் 1,850க்கு ஒன்று. நோயுற்றவற்றில் 75க்கு ஒன்று. இறந்தவற்றில் ஏறக்குறைய பாதி, அறுவை முடிந்த பிறகு இறந்தவை. அவற்றிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள். அதனால் டாக்டர் ‘இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்’ என்றால், ஆட்டோ வாசலில் நின்றாலும் இருங்கள். வீட்டுக்கு வந்த பின் தரையில் விரிப்பு போட்டுக் கதகதப்பாகப் படுக்கவையுங்கள். கட்டிலும் மாடிப்படியும் அன்று வேண்டாம்.