திரும்பிய குரோமோசோம், பிரியும் நத்தை

ஓர் உயிரினம் இரண்டாகக் கிளைக்க வேண்டுமானால் அதன் கூட்டங்களுக்கு நடுவே மலையோ பாலையோ குறுக்கிட வேண்டும் என்ற கருத்து உயிரியலில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. கடலில் இவ்விளக்கம் எளிதில் பொருந்துவதில்லை. சிப்பி, நட்சத்திரமீன், நத்தை முதலிய முதுகெலும்பற்ற உயிரினங்களுள் பலவற்றின் லார்வாக்கள் நீரோட்டத்தில் மிதந்து நெடுந்தொலைவு செல்வதாலும், அவ்வாறு மிதக்காதவையும் அடுத்த பாறையில் வாழும் தம் இனத்தோடு கூடிக் கலப்பதாலும், மரபணுக்கள் ஓரிடத்தில் தங்குவதில்லை. ஆயினும் கடலில் புதிய சிற்றினங்கள் தோன்றியே வந்துள்ளன. இதற்கு விடை தேடும் ஆய்வாளர்கள் இப்போது குரோமோசோமின் அமைப்பையே உற்றுநோக்குகின்றனர்.

மரபணுக்கள் வரிசையாக அமைந்த நீண்ட டி.என்.ஏ. இழையே குரோமோசோம். அது சில வேளைகளில் இரண்டு இடங்களில் அறுந்து, நடுத்துண்டு தலைகீழாகத் திரும்பி மீண்டும் ஒட்டிக்கொள்கிறது. இதனைத் தலைகீழ்த் திருப்பம் என்பர். இத்தகைய திருப்பங்கள் குரோமோசோம்களில் நிகழ்வதைப் பழ ஈக்களைக் கொண்டு 1920களில் நிறுவியவர் ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட். விந்தும் முட்டையும் உருவாகும்போது தாய்வழி, தந்தைவழிக் குரோமோசோம்கள் இணையாக நின்று துண்டுகளைப் பரிமாறிக்கொள்வது இயல்பு. அவற்றுள் ஒன்று மட்டும் திரும்பியிருந்தால், அப்பகுதிக்குள் ஒற்றைப் பரிமாற்றம் நடந்து உருவாகும் இனச்செல்களில் மரபணுக்கள் குறைந்தோ மிகுந்தோ போவதால் அவற்றின் வழியே பெரும்பாலும் சந்ததி நிலைப்பதில்லை. எனவே திரும்பிய பகுதியில் உள்ள நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒரே மூட்டையாகத் தலைமுறைகளைக் கடக்கின்றன. ஒரு சூழலுக்கு ஏற்ற பண்புகள் அந்த மூட்டைக்குள் சேர்ந்துவிட்டால், அயலாருடன் கலப்பு தொடர்ந்தாலும் அவை சிதறுவதில்லை.

இதனைத் தெளிவாகக் காட்டும் உயிரி, ஐரோப்பாவின் அட்லாண்டிக் கரைப் பாறைகளில் வாழும் லிட்டோரினா சாக்சாட்டிலிஸ் என்னும் சிறு நத்தை. இதற்கு மிதக்கும் லார்வாப் பருவமே இல்லை. முட்டைகள் தாயின் உடலுக்குள் பொரிந்து, ஓடுடன் கூடிய குஞ்சுகளே வெளிவருகின்றன. சுவீடனின் மேற்குக் கரையில் உருண்டைக் கற்கள் நிறைந்த இடங்களில் நண்டுகள் மிகுதி என்பதால், அங்குள்ள நத்தைகள் பெரியவையாகவும், தடித்த ஓடும் குறுகிய வாயும் கொண்டவையாகவும், சிறு தொந்தரவுக்கும் நெடுநேரம் உள்ளே ஒடுங்கிக்கொள்பவையாகவும் உள்ளன. சில மீட்டர் தள்ளி, அலை மோதும் செங்குத்துப் பாறையில் நண்டுகள் அரிது. அங்கு வாழ்பவை சிறியவை, மெல்லிய ஓட்டினை உடையவை, பாறையை இறுகப் பற்றும் அகன்ற பாதத்துக்கு இடமளிக்கும் விரிந்த வாய் கொண்டவை. இரு வடிவங்களும் சந்திக்கும் எல்லையில் கலப்பு நடக்கிறது. அவற்றின் மரபணுத் தொகுதியில் பத்துக்கும் மேற்பட்ட திருப்பங்கள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் பலவற்றின் விகிதம், நண்டுப் பகுதியிலிருந்து அலைப் பகுதிக்குச் செல்லும் அந்தச் சில மீட்டர்களுக்குள் மாறுகிறது. எனினும் பெரும்பாலான திருப்பங்களில் திரும்பிய அமைப்பும் திரும்பாத அமைப்பும் இரு வடிவங்களிலும் காணப்படுகின்றன என்பதை மறக்கலாகாது. மாறுவது அவற்றின் விகிதமே.

இவ்விகிதத்தை இயற்கைத் தேர்வே மாற்றுகிறது என்பதற்கு நேரடிச் சான்றும் உண்டு. 1988இல் நச்சுப் பாசிப் பெருக்கத்தால் அதே சுவீடன் கரையிலுள்ள கோஸ்டர் தீவுக்கூட்டத்தின் சிறு பாறைத்திட்டுகளில் இந்த நத்தைகள் அழிந்தன. 1992இல் ஆய்வாளர் கெர்ஸ்டின் யோஹான்னெசன், அலை வடிவம் முன்பு வாழ்ந்த வெறுமையான ஒரு திட்டில் நண்டு வடிவ நத்தைகளை ஏறத்தாழ 700 கொண்டுபோய் விட்டார். ஏறக்குறைய 30 ஆண்டுகளில் அவற்றின் வழித்தோன்றல்கள் அலை வடிவத்தை ஒத்தவையாக மாறின. ஓட்டின் வடிவமும் திருப்பங்களின் விகிதமும் ஆய்வாளர்கள் முன்கூட்டியே கணித்த திசையில் நகர்ந்திருந்ததை 2024இல் வெளியான கட்டுரை பதிவுசெய்தது. புதிய மாற்றங்களுக்காகக் காத்திராமல், மூதாதையரிடம் குறைந்த அளவில் ஏற்கெனவே இருந்த அமைப்புகளும் அண்டைக் கூட்டங்களிலிருந்து வந்தவையும் பெருகியதே இந்த விரைவுக்குக் காரணம். பரிணாமத்தை முன்னறிந்து சொல்லி, பின்னர் களத்தில் சரிபார்க்க முடிந்தமை அறிவியலில் அரிதாகக் கிட்டும் வெற்றி.

எல்லாக் குரோமோசோம் மாற்றமும் இவ்வாறு செயல்படுமெனக் கருதுவது தவறு. அதே கரைகளில் வாழும் நுசெல்லா லாப்பில்லஸ் என்னும் மற்றொரு நத்தையில், பத்துக் குரோமோசோம்கள் இரண்டிரண்டாக ஒட்டி ஐந்தாகும் இணைவு காணப்படுவதால், சில கூட்டங்களில் 13 இணைகளும் சிலவற்றில் 18 இணைகளும், வேறு சிலவற்றில் இடைப்பட்ட எண்ணிக்கையும் உள்ளன. பிரான்சின் ரோஸ்காஃப் கரையில் 1950களில் ஹான்ஸ் ஸ்டைகர் இதனை விரிவாக விவரித்தார். எண்ணிக்கை இவ்வளவு வேறுபட்டும் இவை தம்முள் கலக்கின்றன. ஆகவே குரோமோசோம் எண்ணிக்கையில் தோன்றும் வேறுபாட்டை மட்டும் வைத்துப் புதிய சிற்றினம் என்று அறிவிப்பது பிழை.

சுவீடன் நத்தைகளிலும் பிரிவு முற்றுப்பெறவில்லை. நண்டு வடிவமும் அலை வடிவமும் இன்றளவும் ஒரே சிற்றினமாகவே வகைப்படுத்தப்பட்டுள்ளன.