ஜாய்ஸ்ட் முதல் லீன் வரை: அமெரிக்க வீட்டில் கைவைக்கும் முன்

2015 ஜூன் 16. நள்ளிரவு தாண்டிய நேரம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில், லைப்ரரி கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். பால்கனியில் நின்றிருந்த இளைஞர்களோடு அது அப்படியே முறிந்து சாய்ந்தது. ஆறு பேர் உயிரிழந்தார்கள், ஏழு பேர் படுகாயமடைந்தார்கள். பெரும்பாலோர் கோடை விடுமுறையில் வேலை பார்க்க அயர்லாந்திலிருந்து வந்திருந்த மாணவர்கள்.

கட்டடம் பழையதல்ல. 2007-ல்தான் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. பால்கனியைத் தாங்கிய மரச்சட்டங்களுக்குள் தண்ணீர் இறங்கி அவை உளுத்துப்போயிருந்தன என்பது விசாரணையில் வெளியே வந்தது.

செங்கல், கம்பி, சிமென்ட் என்று வீடு கட்டிப் பழகிய ஊரிலிருந்து போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு, நியூ ஜெர்சியின் எடிசனிலோ கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலோ டெக்சஸின் ஃபிரிஸ்கோவிலோ வாங்கும் வீடு வேறு வகையானது. எலும்புக்கூடு மரம், அதன் மேல் டிரைவால் எனப்படும், அட்டை போர்த்திய ஜிப்சம் பலகை. குழாயும் ஒயரும் இரண்டுக்கும் நடுவே ஓடுகின்றன. குறை எதுவானாலும் மூடிய சுவருக்குள் ஒளிந்துகொள்ளும். அதனால் வீட்டுக்காரருக்குச் சட்டம் தரும் பிடிமானம் மூன்று இடங்களில் இருக்கிறது: கையெழுத்துப் போடும் முன், சுவர் மூடப்படும் முன், கடைசித் தவணை கொடுக்கும் முன்.

மரம் சம்பந்தப்பட்டவை

சுவருக்குள் செங்குத்தாக நிற்கும் சட்டம் ஸ்டட். பொதுவாக 16 அங்குலத்துக்கு ஒன்று இருக்கும். கனமான டிவியையோ பூஜை அலமாரியையோ மாட்டுகிறவர்கள் ஸ்டட்டைத் தேடிப்பிடித்து அதில்தான் திருகு ஏற்ற வேண்டும். வெறும் டிரைவால் அந்தச் சுமையைத் தாங்காது. ‘டூ பை ஃபோர்’ என்று கடையில் விற்கும் சட்டத்தை அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் வரும். அறுத்து, உலர்த்தி, இழைத்த பிறகு நிற்கும் அளவு அது. யாரும் ஏமாற்றவில்லை.

தரையையும் கூரையையும் தாங்கப் படுக்கைவாட்டில் ஓடும் சட்டம் ஜாய்ஸ்ட். பெர்க்லியில் முறிந்தவை இவைதான். பால்கனி, ஜன்னல், கூரை ஆகியவை சுவரோடு சேரும் இடத்தில் தண்ணீரை வெளியே திருப்பிவிடும் தகடு ஃபிளாஷிங். வேலை முடிந்ததும் கண்ணிலிருந்து மறைந்துவிடும் பொருள் என்பதால் அவசர வேலையில் முதலில் அடிபடுவதும் இதுதான்.

சமையலறைச் சுவரை இடித்து ஹாலோடு சேர்த்து ‘ஓப்பன் கிச்சன்’ ஆக்குவது பலருடைய ஆசை. அந்தச் சுவர் லோட் பேரிங் வாலா, அதாவது மேலிருக்கும் சுமையைத் தாங்கும் சுவரா என்பதே முதல் கேள்வி. ஆமென்றால் அதன் இடத்தில் உத்திரம் வர வேண்டும். அளவைக் கணக்கிட ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரும் நகராட்சியின் பெர்மிட்டும் வேண்டும். தட்டிப் பார்த்தே “ஒன்றும் ஆகாது சார்” என்று சொல்கிறவரை நம்பிச் சுத்தியலைக் கொடுக்கக் கூடாது.

பெர்க்லி விபத்துக்குப் பிறகு கலிஃபோர்னியா இரண்டு சட்டங்களை இயற்றியது. எஸ்பி 721 வாடகை அடுக்குமாடிகளுக்கானது; ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனை. எஸ்பி 326 காண்டோக்களுக்கு, அதாவது வீடுகள் தனித்தனியே சொந்தமாக விற்கப்படும் அடுக்குமாடிகளுக்கானது. ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடங்களில், தரையிலிருந்து ஆறடிக்கு மேல் உயரத்தில் மரச்சட்டங்கள் தாங்கும் பால்கனிகளும் நடைபாதைகளும் இவற்றுக்குள் வரும். காண்டோ வாங்க நினைப்பவர்கள் அதன் உரிமையாளர் சங்கத்திடம் இந்தப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். பால்கனியைச் சரிசெய்யச் சங்கம் கூடுதல் தொகை வசூலிக்கப் போகிறதா என்பதற்கும் அதில் குறிப்பு கிடைக்கும்.

தண்ணீர் சம்பந்தப்பட்டவை

சிங்க்கின் அடியில் வளைந்திருக்கும் குழாய் பி-டிராப். வளைவில் தேங்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கிறது. கோடையில் இரண்டு மாதம் ஊருக்குப் போய்த் திரும்பும் குடும்பத்தை ஒரு துர்நாற்றம் வரவேற்றால், பெரும்பாலும் புழங்காத குளியலறையின் டிராப் வற்றியிருக்கும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும், பிளம்பர் வேண்டாம்.

வீட்டுக்கு வரும் மொத்தத் தண்ணீரையும் நிறுத்துவது மெயின் ஷட்-ஆஃப் வால்வு. 2021 பிப்ரவரியில் யூரி பனிப்புயல் டெக்சஸைத் தாக்கி மின்சாரம் போனபோது, ஏராளமான வீடுகளில் குழாய்கள் உறைந்து வெடித்தன. வால்வு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்களால் சேதத்தை நிறுத்த முடிந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாகத் திடீரென வெடித்த குழாயின் சேதத்துக்குப் பணம் தரும். மாதக்கணக்கில் சொட்டிய கசிவுக்குத் தராது. ஆகவே வெடித்த அன்றே படமெடுத்துத் தகவல் சொல்லிவிட வேண்டும்.

டெக்சஸில் அடிக்கடி வரும் இன்னொரு தொல்லை ஸ்லாப் லீக். பல வீடுகள் கான்கிரீட் ஸ்லாப் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அடியில் இருப்பதோ மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண். மண் அசையும்போது ஸ்லாபுக்குக் கீழே போகும் குழாய் விரிசல் விடுகிறது. அஸ்திவாரத்தைத் தூக்கி நிறுத்தும் வேலைக்கு முன்னும் பின்னும் கழிவுக்குழாயில் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்க்கும் ஹைட்ரோஸ்டேட்டிக் டெஸ்ட் செய்து, அறிக்கையை எழுத்தில் வாங்குவது பாதுகாப்பு.

1978 முதல் 1995 வரை கட்டிய வீடுகளில் சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் குழாய் தெரிந்தால், அது பாலிபியூட்டிலினா என்று கேட்க வேண்டும். குடிநீரில் உள்ள குளோரின் அதை உள்ளிருந்தே நொய்யச் செய்கிறது. 1995-ல் தயாரிப்பாளர்கள் 95 கோடி டாலர் இழப்பீட்டு நிதிக்கு ஒப்புக்கொண்டார்கள். அந்த நிதியைக் கேட்கும் கெடு முடிந்து பல ஆண்டுகளாகிவிட்டன. இன்று வாங்குபவருக்கு இருக்கும் வழி, இன்ஸ்பெக்‌ஷனில் கண்டுபிடித்து விலையில் பேரம் பேசுவதுதான்.

நியூ ஜெர்சியின் பழைய ஊர்களில் தெருக்குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பு ஈயமாக இருக்கலாம். நெவார்க் நகரம் மட்டும் 23,000-க்கும் மேற்பட்ட ஈய இணைப்புகளை மாற்றியது. 2021-ல் வந்த சட்டம் மாநிலம் முழுவதும் அவற்றை 2031-க்குள் மாற்றச் சொல்கிறது. அங்கே வீடு வாங்குகிறவர்கள், புதைந்த எண்ணெய்த் தொட்டி இருக்கிறதா என்று தேடும் ‘டாங்க் ஸ்வீப்’பும் கேட்பது வழக்கம். தோட்டத்து மண்ணுக்கடியில் பழைய ஹீட்டிங் ஆயில் தொட்டி கசிந்திருந்தால், சுத்தம் செய்யும் பொறுப்பு இப்போதைய உரிமையாளர் தலையில் விழலாம்.

காகிதம் சம்பந்தப்பட்டவை

வாட்ஸ்அப் குழுவில் “நம்ம ஆள், குறைவான ரேட்” என்று வரும் சிபாரிசில் தவறில்லை. ஆனால் காகிதத்தில் சில சொற்கள் எங்கே நிற்கின்றன என்று பார்க்க வேண்டும்.

அலவன்ஸ் என்றால் டைல்ஸ், விளக்கு போன்றவற்றுக்கு உத்தேசமாக ஒதுக்கிய தொகை. அது குறைவாக இருந்தால் மொத்த விலையும் மலிவாகத் தெரியும். பொருள் தேர்ந்தெடுக்கும் நாளில் பில் ஏறும். சேஞ்ச் ஆர்டர் என்பது ஒப்பந்தத்துக்குப் பிறகு வரும் மாற்றம். விலையும் கூடுதல் நாட்களும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே அந்த வேலை தொடங்க வேண்டும். பன்ச் லிஸ்ட் என்பது கடைசியில் பாக்கி நிற்கும் சில்லறை வேலைகளின் பட்டியல். அது முடியும்வரை கடைசித் தவணை கையிலேயே இருக்கட்டும்.

“பெர்மிட்டை நீங்களே ஓனர்-பில்டர் என்று எடுத்துவிடுங்கள்” என்று கான்ட்ராக்டர் சொன்னால் உஷாராக வேண்டும். வேலையின் பொறுப்பு முழுவதும் வீட்டுக்காரருக்கு மாறிவிடும். பெர்மிட் இருந்தால்தான் டிரைவால் மூடும் முன் நகராட்சி இன்ஸ்பெக்டர் வந்து உள்ளே பார்ப்பார்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது லீன். வீட்டுக்காரர் முழுப் பணத்தையும் கொடுத்திருப்பார். கான்ட்ராக்டர் டைல்ஸ் கடைக்கோ பிளம்பருக்கோ கொடுத்திருக்க மாட்டார். பணம் வராதவர் அந்த வீட்டின் மீதே பாத்தியதை பதிவு செய்யலாம். ஒரே வேலைக்கு இருமுறை பணம் கட்ட நேரும். கலிஃபோர்னியாவில் துணை ஒப்பந்தக்காரரிடமிருந்து ‘பிரிலிமினரி நோட்டீஸ்’ தபாலில் வந்தால் பயப்பட வேண்டியதில்லை, குப்பையில் போடவும் கூடாது. யாருக்கெல்லாம் பணம் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு அதுவே பட்டியல். ஒவ்வொரு தவணையின்போதும் அவர்களிடமிருந்து, அந்தத் தொகைக்கு லீன் உரிமையை விட்டுக்கொடுக்கும் ‘லீன் வேவர்’ வாங்கிக்கொள்ளலாம்.

மூன்று மாநிலம், மூன்று விதி

கலிஃபோர்னியாவில் 1,000 டாலரும் அதற்கு மேலுமான வேலைக்கு மாநில உரிமம் கட்டாயம். வீட்டுச் சீரமைப்புக்கான முன்பணம் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், எது குறைவோ அதுதான். “பாதிப் பணம் முதலில்” என்பதே சட்டமீறல். உரிமம் தேவைப்படும் வேலையை உரிமமின்றிச் செய்தவர் கூலி கேட்டு வழக்குப் போட முடியாது. கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையும் வீட்டுக்காரருக்கு உண்டு. உரிம எண்ணை மாநிலக் கான்ட்ராக்டர் உரிம வாரியத்தின் தளத்தில் சரிபார்க்கலாம்.

நியூ ஜெர்சியில் 500 டாலருக்கு மேற்பட்ட சீரமைப்பு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். தொடங்கும் நாள், முடியும் நாள், பதிவு எண், காப்பீட்டுச் சான்றின் நகல் எல்லாம் அதோடு வர வேண்டும். மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்யலாம். அரசு ஆய்வு தேவைப்படும் வேலையென்றால், ஆய்வுச் சான்றைக் கையில் கொடுத்த பிறகே கடைசித் தவணை கேட்க முடியும். நுகர்வோர் மோசடிச் சட்டப்படி வழக்கு வென்றால் இழப்பின் மூன்று மடங்கு கிடைக்கும்.

டெக்சஸில் பொதுக் கான்ட்ராக்டருக்கோ கூரை வேலைக்காரருக்கோ மாநில உரிமமே இல்லை. பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக் ஆகியோருக்கு உண்டு. இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுவது ஹோம்ஸ்டெட் பாதுகாப்பு. குடியிருக்கும் வீட்டின் மீது லீன் செல்ல வேண்டுமானால், வேலை தொடங்கும் முன்பே கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கவுண்டி அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். ஆலங்கட்டி மழைக்குப் பிறகு கதவைத் தட்டி, “டிடக்டபிளை (காப்பீட்டில் வீட்டுக்காரர் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கை) நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்பவரை அனுப்பிவிடலாம். 2019 செப்டம்பரிலிருந்து அது அங்கே குற்றம்.

வேலை கெட்டுப்போனால்

முதல் படி, குறைகளைத் தேதியிட்டு எழுதி, படங்களோடு பதிவுத் தபாலில் அனுப்புவது. டெக்சஸில் கட்டுமானக் குறைக்கு வழக்குத் தொடர 60 நாட்களுக்கு முன் இப்படி நோட்டீஸ் கொடுப்பது கட்டாயம். கலிஃபோர்னியாவில் உரிம வாரியத்திடமும், நியூ ஜெர்சியில் நுகர்வோர் விவகாரப் பிரிவிடமும் புகார் செய்யலாம். கலிஃபோர்னியக் கான்ட்ராக்டர் ஒவ்வொருவரும் 25,000 டாலருக்குப் பிணை கட்டியிருப்பார். அந்தப் பிணை நிறுவனத்திடமும் இழப்பீடு கோரலாம்.

புது வீடென்றால் கெடு வேறு. நியூ ஜெர்சியில் பொது வேலைத்தரத்துக்கு ஓராண்டு, குழாய் மின்சாரத்துக்கு இரண்டு, பெரிய கட்டமைப்புக் குறைக்குப் பத்தாண்டு உத்தரவாதம். கலிஃபோர்னியாவில் குழாய் மின்சாரக் குறைகளுக்கு நான்காண்டு.

சிறிய தொகைக்கு வக்கீல் இல்லாமலேயே நீதிமன்றம் போகலாம். கலிஃபோர்னியாவின் ஸ்மால் கிளெய்ம்ஸில் தனிநபர் 12,500 டாலர் வரையும், டெக்சஸின் ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20,000 வரையும், நியூ ஜெர்சியில் 5,000 வரையும் கேட்க முடியும். அங்கே நீதிபதி முன் வைக்க வேண்டியவை ஒப்பந்தம், கையெழுத்தான சேஞ்ச் ஆர்டர்கள், பணம் போனதற்கான வங்கிப் பதிவு, டிரைவால் மூடும் முன் எடுத்த படங்கள், சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று இன்னொரு கான்ட்ராக்டர் எழுதிக் கொடுத்த மதிப்பீடு.