குறைந்த விலையில் இகுவானா, மலைப்பாம்பு: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை என்ன?

இகுவானா, பால் பைதான் போன்ற வெளிநாட்டு ஊர்வனவற்றை விலை குறைவு என்பதற்காக மட்டும் வாங்குவது, பிராணியின் உயிருக்கும் வாங்குபவருக்கும் ஆபத்தாக முடியலாம்.

விலை ஏன் குறைகிறது?

காடுகளில் பிடித்துக் கடத்தி வரப்படும் ஊர்வனவற்றுக்கு வளர்ப்புச் செலவு இல்லை. ஆனால், நெரிசலிலும் பட்டினியிலும் பயணிக்கும் அவற்றின் உடலில் உண்ணிகளும் குடற்புழுக்களும் மிகுந்திருக்கும். ஊர்வன நோயை எளிதில் வெளிக்காட்டுவதில்லை. அறிகுறி தெரியும்போது நோய் முற்றியிருக்கும். எனவே, வளர்ப்பிடத்தில் பிறந்ததா என்பதை உறுதிசெய்து, தெளிந்த கண்கள், மெலியாத வால் ஆகியவற்றைக் கவனித்து, இரை உண்பதை நேரில் பார்த்த பின்னரே வாங்க வேண்டும்.

உண்மையான செலவு எது?

உள்ளங்கையில் அடங்கும் இகுவானா குட்டி 1.5 மீட்டருக்கு மேல் வளரும். புற ஊதா விளக்கும் கால்சியமும் இல்லையெனில் அதன் எலும்புகள் வலுவிழக்கும். பால் பைதான் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. இப்பராமரிப்புச் செலவுடன் ஒப்பிட்டால் வாங்கும்போது மிச்சமாகும் தொகை சொற்பமே.

சட்டம் என்ன சொல்கிறது?

2024-ஆம் ஆண்டு விதிகளின்படி, இவ்விரு உயிரினங்களையும் வாங்கிய 30 நாட்களுக்குள் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிறப்பிடத்துக்கான ஆவணம் தராத விற்பனையாளரைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

இந்திய நட்சத்திர ஆமையை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள அதனை வைத்திருந்தால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம்.